உங்கள் கடவுச்சொல் இணையத்தளத்துக்குத் தெரியக்கூடாது

ஒரு இணையத்தளத்திலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ பதிவு செய்யும்போது நீங்கள் ஒரு கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது, யாருடைய கையில் இருக்கிறது என்று எங்களில் அநேகர் கேட்பதில்லை. சரியாக எழுதப்பட்ட ஒரு மென்பொருளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: அது எங்கும் இல்லை. தளத்தை நடத்துபவருக்கும் அது தெரியாது. மென்பொருளை எழுதியவருக்கும் தெரியாது. தரவுத்தளத்தை முழுமையாகத் திருடிச் செல்பவருக்கும் தெரியாது.

கடவுச்சொல்லை வைத்திருக்காமலேயே அதைச் சரிபார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். எங்கள் ஊர்களில் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்காகவும், அவர்களிடம் தளம் செய்விக்கும் சங்கங்கள், பாடசாலைகள், தொண்டு அமைப்புகளுக்காகவும், அவற்றில் பதிவு செய்யும் சாதாரண மக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிறு அமைப்புகளுக்குத் தரவுத்தளங்கள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன்.

இது தொழில்நுட்பம் படித்தவர்களின் விடயம் என்று தள்ளிவைக்க எங்களால் முடியாது. ஒரு பட்டியல் பிழையான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சமூகம் பாடப்புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்ததைப் பலருடைய சாட்சியங்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்த இடாப்பு யாரையும் கொல்வதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரு பட்டியலைத் தயாரித்தவரின் நல்ல நோக்கம் அதில் பெயர் உள்ளவர்களைக் காப்பாற்றாது. அது களவு போனாலும் அதிலுள்ளவர்களுக்குத் தீங்கு வராதபடி அமைப்பதுதான் காப்பாற்றும்.

வெளியில் இருந்தே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை

நீங்கள் பாவிக்கும் தளம் கடவுச்சொல்லை எப்படி வைத்திருக்கிறது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்ற இடத்தை அழுத்துங்கள். புதிய கடவுச்சொல் அமைப்பதற்கு ஒரு இணைப்பு மின்னஞ்சலில் வந்தால் அது நல்ல அறிகுறி. உங்கள் பழைய கடவுச்சொல்லே எழுத்துப் பிசகாமல் மின்னஞ்சலில் வந்தால், அந்தத் தளம் அதை அப்படியே அல்லது திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை உங்களுக்கு அனுப்ப முடிந்தால் வேறு யாருக்கும் அனுப்ப முடியும்.

பயிற்சி நெறி ஒன்றுக்காக நான் பதிவு செய்த ஒரு தளம் அப்படித்தான் என் கடவுச்சொல்லை எனக்கே திருப்பி அனுப்பியது. பொறுப்பானவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "எங்களிட்ட என்ன இரகசியம் இருக்கு? பெயரும் விலாசமும்தானே" என்றார். இந்தப் பதிலைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பிரச்சினை அந்தத் தளத்தில் உள்ள இரகசியத்தில் இல்லை. பெரும்பாலானோர் ஒரே கடவுச்சொல்லைத்தான் எல்லா இடங்களிலும் கொடுக்கிறார்கள். விளையாட்டுக் கழகத் தளத்தில் இருந்து களவுபோகும் கடவுச்சொல் அதே ஆளின் மின்னஞ்சலையும் முகநூலையும் திறக்கும். மின்னஞ்சல் திறந்தால் வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் விலாசம், வழக்கறிஞருக்கு அனுப்பிய ஆவணம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி எல்லாம் திறக்கும்.

எங்கள் மக்களின் கடவுச்சொற்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. தொலைபேசிக் கடையில் மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுக்கும்போது, "மறக்காத ஒரு பெயரைச் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். தாய்மார் சொல்வது பெரும்பாலும் இல்லாமல்போன பிள்ளையின் பெயரைத்தான். அதோடு பிறந்த ஆண்டு. கடைக்காரர் அதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வார். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தளம் அப்படியே எழுதி வைத்திருந்தால், களவு போவது கணக்கின் திறப்பு மட்டுமல்ல.

அறுபது ஆண்டு காலப் பாடம்

கணினியில் கடவுச்சொல் பாவிக்கத் தொடங்கியது 1960களின் ஆரம்பத்தில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பாவிக்கும் முறை ஒன்றை பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. 1962இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாததால் அந்தக் கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் ஒரு தவறினால் வரவேற்புச் செய்தி இருக்கவேண்டிய கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிப்போயின. அன்று கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன.

அங்கே கொடியவர் எவரும் இருக்கவில்லை. ஒரு மாணவரின் அவசரமும் ஒரு தற்செயலான பிசகும் போதுமாக இருந்தன. கோப்பைப் பூட்டி வைப்பது மட்டும் போதாது, கோப்பு வெளியே போனாலும் பயன்படாதபடி இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்தத் துறையில் உள்ளவர்கள் வந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரொஜர் நீடம் அதற்கான வழியைக் காட்டினார். கடவுச்சொல்லை வைத்திருக்க வேண்டாம். அதை ஒரு கணித முறையால் உருமாற்றி, உருமாறியதை மட்டும் வைத்திருங்கள் என்பதே அந்த வழி. இந்த உருமாற்றம் ஒருவழிப் பாதை. அதன் விளைவை இன்று ஹாஷ் என்கிறோம்.

மில்லில் அரிசி அரைப்பதைப் போல என்று நான் விளங்கப்படுத்துவதுண்டு. அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்கள் முதன்முறை பதிவு செய்யும்போது கடவுச்சொல்லை அரைத்து மாவை மட்டும் தளம் வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை நீங்கள் வரும்போது, கொடுக்கும் கடவுச்சொல்லை அதே மில்லில் அரைத்து இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். அரிசி எங்கும் சேமிக்கப்படுவதில்லை.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரே அரிசியை அரைத்தால் ஒரே மாவுதான் வரும். ஆயிரம் பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் ஆயிரம் பேருடைய ஹாஷும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்தால் ஆயிரமும் போய்விடும். வழக்கமான சொற்களை முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டும் பார்க்கலாம். இதற்கு மருந்தாக ரொபேர்ட் மொரிஸும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமைக்காகச் செய்ததை 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விபரித்தார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லையும் அரைப்பதற்கு முன் அதனோடு எழுந்தமானமான சில எழுத்துகளைச் சேர்ப்பது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு. ஒவ்வொருவருக்கும் வேறு உப்பு. ஆகவே ஒரே கடவுச்சொல் வைத்திருக்கும் இருவரின் ஹாஷும் வேறு வேறாக இருக்கும். திருடியவர் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகத் தாக்க வேண்டும். உப்பை ஹாஷுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம், அது இரகசியமாக இருக்கத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்கள் விட்ட மூன்று பிழைகள்

1979இலேயே பதில் தெரிந்திருந்தும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் பின்னரும் வெளியே போயின.

முதலாவது பிழை, அப்படியே எழுதி வைப்பது. 2009 டிசம்பரில் றொக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளம் திருடப்பட்டது. 3 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் இருந்தன. 123456 என்பதை 2 இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். கடவுச்சொல் உடைப்பவர்களுக்கு இன்றும் அந்தப் பட்டியல் ஒரு அகராதி.

இரண்டாவது பிழை, பூட்டி வைப்பதையும் அரைப்பதையும் ஒன்றென்று நினைப்பது. பூட்டியதற்கு ஒரு திறப்பு இருக்கும், திறப்பு இருந்தால் திறக்கலாம். 2013இல் அடோபி நிறுவனத்தின் சுமார் 15 கோடி பதிவுகள் வெளியே வந்தன. அவர்கள் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே திறப்பால் மறைகுறியாக்கி வைத்திருந்தார்கள். ஒரே கடவுச்சொல் ஒரே வடிவில் தெரிந்தது. அதோடு பாவனையாளர்கள் தமக்கு ஞாபகமூட்ட எழுதிய குறிப்புகள் மறைக்கப்படாமல் பக்கத்திலேயே இருந்தன. ஒருவர் "என் நாயின் பெயர்" என்று எழுதியிருப்பார், அதே கடவுச்சொல்லை வைத்திருந்த இன்னொருவர் நாயின் பெயரையே குறிப்பில் எழுதியிருப்பார். திறப்பு களவு போகாமலேயே ஏராளமான கடவுச்சொற்களை ஊகித்துவிட்டார்கள்.

மூன்றாவது பிழை, உப்பில்லாமல் வேகமாக அரைப்பது. 2012 ஜூனில் லிங்க்ட்இன் நிறுவனத்தின் 65 இலட்சம் ஹாஷ்கள் வெளியாகின. எஸ்எச்ஏ-1 என்ற முறையால் உப்புச் சேர்க்காமல் அரைக்கப்பட்டவை. மிகப் பெரும்பாலானவை விரைவிலேயே உடைக்கப்பட்டன. களவுபோனது அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது நான்கு ஆண்டுகளின் பின், 2016இல்தான் தெரியவந்தது. 11 கோடி 70 இலட்சம் பேரின் மின்னஞ்சல்களும் ஹாஷ்களும் விற்பனைக்கு வந்தன.

மெதுவாக அரைக்கும் மில்

எம்டி5, எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256 ஆகியவை வேகமாக வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. பெரிய கோப்பு ஒன்று வழியில் மாறிவிட்டதா என்று பார்க்க அந்த வேகம் நல்லது. கடவுச்சொல்லுக்கு அது கேடு. திருடியவர் மாவைத் திரும்ப அரிசியாக்க முயல்வதில்லை. ஒவ்வொரு அரிசியாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். விளையாட்டுகளுக்கு விற்கப்படும் நல்ல வரைகலை அட்டை ஒன்று எம்டி5 முறையில் ஒரு விநாடியில் பல ஆயிரம் கோடி ஊகங்களைச் சரிபார்க்கும்.

எங்கள் நாட்டில் பலர் தங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்களில் மாறக்கூடியவை எட்டு. ஆகவே மொத்தம் 10 கோடி சாத்தியங்கள். விநாடிக்கு ஆயிரம் கோடி ஊகம் என்றால், அத்தனையையும் பார்த்து முடிக்க ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு போதும். இதே வேலையை மெதுவான முறை ஒன்றில், விநாடிக்கு ஆயிரம் ஊகம் என்ற வேகத்தில் செய்தால் ஒரு இலட்சம் விநாடி, அதாவது ஏறக்குறைய 28 மணித்தியாலம் எடுக்கும். அதுவும் ஒரே ஒரு கணக்குக்கு. உப்பு வேறு என்பதால் அடுத்த கணக்குக்கு மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஐயாயிரம் பேருள்ள தரவுத்தளத்துக்கு ஒரு அட்டையுடன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். நல்ல முறை பலவீனமான கடவுச்சொல்லைப் பலமானதாக மாற்றாது. ஆனால் மக்களை எச்சரித்து மாற்றச் சொல்வதற்கு அவகாசம் தரும்.

இப்படி வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட முறைகளில் ஒன்று பிகிரிப்ட். நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியேரும் 1999இல் வெளியிட்டது. கணினிகள் வேகமாகும்போது அதன் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். இலக்கம் ஒன்று கூடும்போது நேரம் இரட்டிப்பாகும். 2015இல் நடந்து முடிந்த கடவுச்சொல் ஹாஷ் முறைகளுக்கான போட்டியில் ஆர்கன்2 வெற்றி பெற்றது. அது நேரத்தை மட்டுமன்றி நினைவகத்தையும் விழுங்குவதால் வரைகலை அட்டைகளால் ஒரே நேரத்தில் ஏராளமானவற்றைச் செய்வது கடினம்.

மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை இதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆர்கன்2ஐடி பாவிக்கட்டும், குறைந்தது 19 மெகாபைற் நினைவகம், இரண்டு சுற்று. அது கிடைக்காத இடத்தில் எஸ்கிரிப்ட். பழைய முறைமைகளில் பிகிரிப்ட், கடினம் குறைந்தது 10. பிபிகேடிஎஃப்2 கட்டாயம் என்றால் எஸ்எச்ஏ-256 உடன் 6 இலட்சம் சுற்று. இவற்றில் எதையும் நீங்களே எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. பிஎச்பி மொழியில் 2013இல் வந்த 5.5 பதிப்பில் இருந்தே பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்ற இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. உப்பையும் அவையே சேர்க்கும். எங்கள் ஊர்த் தளங்கள் பலவும் ஓடுகின்ற வேர்ட்பிரஸ், எம்டி5ஐ அடிப்படையாகக் கொண்ட தனது பழைய முறையை விட்டு 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பில்தான் பிகிரிப்டுக்கு மாறியது. பழைய பதிப்பிலேயே நிற்பவர்கள் மேம்படுத்திக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே எம்டி5இல் உள்ள தரவுத்தளத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒவ்வொருவரும் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கின்ற எம்டி5 ஹாஷையே உப்புச் சேர்த்து பிகிரிப்டால் மீண்டும் அரைத்து, பழையதை அன்றே அழித்துவிடலாம். பாவனையாளர் அடுத்தமுறை நுழையும்போது அவர் கொடுக்கும் கடவுச்சொல்லில் இருந்து புதிய ஹாஷை நேரடியாக எடுக்கலாம். காப்புப் பிரதிகளில் உள்ள பழைய ஹாஷ்களையும் மறக்காமல் அழிக்க வேண்டும்.

தமிழில் கடவுச்சொல் வைத்தால்

இது ஆங்கில வழிகாட்டிகளில் அநேகமாக இராத விடயம். தமிழில் கடவுச்சொல் வைப்பதை ஒரு தளம் தடுக்கக்கூடாது. ஆனால் மென்பொருள் எழுதுபவர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது நீளம். பிகிரிப்ட் முதல் 72 பைற்களை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற் போதும். இன்று பரவலாகப் பாவிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற் வேண்டும். புள்ளியும், கால், கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறிகள். யாழ்ப்பாணம் என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11 குறி, 33 பைற். கிளிநொச்சி 30 பைற். ஒருவர் "யாழ்ப்பாணம் கிளிநொச்சி முல்லைத்தீவு" என்று மூன்று சொற்களை இடைவெளி விட்டு வைத்தால், மூன்றாவது சொல் தொடங்க முன்பே 65 பைற் முடிந்துவிடும். எஞ்சிய இடத்தில் "மு" முழுமையாக அடங்கும், அடுத்த எழுத்தின் முதல் பைற் மட்டும் அடங்கும். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் அந்த முதல் பைற் ஒன்றே. ஆகவே முல்லைத்தீவு என்பதற்குப் பதிலாக முருகண்டி என்று எழுதினாலும் கதவு திறந்துவிடும். ஆர்கன்2இல் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவது, ஒரே எழுத்து இரண்டு விதமாகப் பதியப்படுவது. "கொ" என்பதை யுனிகோடில் க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பு வேறு கால் வேறாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். வீட்டுக் கணினியில் வைத்த கடவுச்சொல் கைத்தொலைபேசியில் வேலை செய்யாமல்போக இது ஒரு காரணம். அரைப்பதற்கு முன் யுனிகோடின் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தலைச் செய்தால் இது தீரும். ஆனால் "ஸ்ரீ" தீராது. அதை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒருமைப்படுத்தல் அவற்றை ஒன்றாக்காது. தமிழில் கடவுச்சொல் வைப்பவர்கள் "ஸ்ரீ" வரும் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது.

பின்கதவுகள்

ஹாஷ் சரியாக இருந்தும் கடவுச்சொல் வேறு வழியால் வெளியே போவதுண்டு. 2018 மே மாதம் ருவிற்றர் தனது 33 கோடிப் பாவனையாளர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. அவர்கள் பிகிரிப்ட் பாவித்துத்தான் வந்தார்கள். ஆனால் அரைப்பதற்கு முந்திய கணத்தில், மென்பொருளின் உட்குறிப்பேட்டில் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டுவந்தது. 2019இல் முகநூலிலும் பல கோடிப் பேரின் கடவுச்சொற்கள் ஊழியர்கள் பார்க்கக்கூடிய வடிவில் உள்ளே இருந்தமை தெரியவந்தது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9 கோடி 10 இலட்சம் யூரோ தண்டப்பணம் விதித்தது.

மற்றொரு பின்கதவு மீட்புக் கேள்விகள். "உங்கள் தாயின் பெயர் என்ன, நீங்கள் படித்த பாடசாலை எது?" ஒரு கிராமத்தில் இவற்றுக்குப் பதில் தெரியாதவர் யார்? இந்தக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். மீட்பதற்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும், சிறிது நேரத்தில் காலாவதியாகும் இணைப்பை அனுப்புங்கள். அந்த இணைப்பில் உள்ள இரகசிய எழுத்துகளையும் தரவுத்தளத்தில் ஹாஷ் ஆகவே வையுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஒரு அறிவித்தலை விடுத்தது. பிரிந்த குடும்பங்களை இணைக்கும் திட்டத்தின் சேர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது, 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் தகவல்கள் அகப்பட்டிருக்கின்றன என்று. உலகெங்கும் போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள், அவர்களின் குடும்பத்தினர், தடுத்து வைக்கப்பட்டவர்கள் ஆகியோருடைய தகவல்கள் அவை. இந்தத் திட்டங்களில் வேலை செய்யும் சுமார் 2,000 ஊழியர்கள், தொண்டர்களின் நுழைவு விபரங்களும் அவற்றில் அடங்கின. உள்ளே நுழைந்த வழி கடவுச்சொல் அல்ல, காலத்தில் திருத்தப்படாத ஒரு மென்பொருள் ஓட்டை. இருந்தாலும் இப்படியான இடங்களில் ஒரு ஊழியரின் கடவுச்சொல் எதைக் காக்கிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

எங்கள் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் எத்தனை ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். யார் கொண்டுபோனது, எங்கே, கூட இருந்து கண்டது யார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. சாட்சியின் பெயர் உள்ள ஒரு தரவுத்தளத்தை ஒரு ஊழியரின் பலவீனமான கடவுச்சொல் காவல் காக்கக்கூடாது. ஊழியர் கணக்குகளுக்கு இரண்டாவது உறுதிப்படுத்தல் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும், காரியாலயம் முழுவதற்கும் ஒரு கடவுச்சொல் என்பது கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்றே மூடப்பட வேண்டும். தேவையில்லாத விபரத்தைக் கேட்கவே கூடாது.

ஹாஷ் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அது களவுபோன பட்டியலில் இருந்து உங்களைக் காக்கும். உங்களை இருத்தி வைத்து, தொலைபேசியைத் திறந்து காட்டு என்று கேட்பவரிடம் இருந்து காக்காது. அந்த இடத்தில் காப்பது தொலைபேசியில் என்ன இல்லை என்பதுதான்.

மூன்று தரப்பும் செய்யவேண்டியவை

தளம் செய்விக்கும் அமைப்புகள் மென்பொருள் எழுதுபவரிடம் இவற்றைக் கேட்கலாம். கடவுச்சொல்லை எந்த முறையில் ஹாஷ் செய்கிறீர்கள்? பதில் ஆர்கன்2ஐடி, எஸ்கிரிப்ட், பிகிரிப்ட், பிபிகேடிஎஃப்2 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். எம்டி5 என்றாலோ, "நாங்கள் பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருக்கிறோம்" என்றாலோ வேலையை ஒப்படைக்காதீர்கள். உட்குறிப்பேடுகளில் கடவுச்சொல் பதிகிறதா? காப்புப் பிரதிகள் எங்கே, யாரிடம்? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பிறருடைய தகவலை வைத்திருப்பவருக்கு அதைப் பாதுகாக்கும் கடமை உண்டு என்பது அதன் அடிப்படை.

மென்பொருள் எழுதுபவர்கள் கடவுச்சொல்லின் நீளத்துக்கு 12, 16 என்று மேல் எல்லை போட வேண்டாம். "ஒரு பெரிய எழுத்து, ஒரு இலக்கம், ஒரு குறியீடு" என்ற நிபந்தனைகளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் பயன் தருவதில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே தன் வழிகாட்டியை மாற்றிவிட்டது. மக்கள் பழைய கடவுச்சொல்லின் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே களவுபோன கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருப்பவற்றை ஏற்காமல் விடுங்கள். ட்ரோய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ஹாவ் ஐ பீன் போன்ட் சேவை இதை இலவசமாகச் செய்ய இடமளிக்கிறது. ஹாஷின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்பினால் போதும், கடவுச்சொல் உங்கள் சேர்வரை விட்டு வெளியே போகாது. நுழைய முயன்று தவறுபவரைச் சில தடவைகளுக்குப் பின் தாமதப்படுத்துங்கள்.

பாவனையாளர்கள் ஒரு விடயத்தை மட்டும் செய்வதென்றால், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறு எங்கும் கொடுக்காதீர்கள். மற்றக் கணக்குகள் எல்லாவற்றையும் மீட்பதற்கான வழி மின்னஞ்சல்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைப்பது, பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வைப்பதைவிடப் பலமானது. பாமினி விசைப்பலகையில் தமிழ்ச் சொல்லைத் தட்டினால் ஆங்கிலத்தில் யாருக்கும் விளங்காது என்று நம்பியிருக்க வேண்டாம். அதைத் திருப்பிப்போட ஒரு சிறு நிரல் போதும். கடைக்காரர் திறந்து தந்த கணக்கென்றால், வீட்டுக்கு வந்து நம்பிக்கையான ஒருவரின் உதவியோடு கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, முடிந்துபோன வேலைத்திட்டங்கள். போருக்குப் பின் வந்த எத்தனையோ திட்டங்கள் நிதி முடிந்ததும் மூடப்பட்டன. காரியாலயம் பூட்டப்பட்டது, ஊழியர்கள் போய்விட்டார்கள். பயனாளிகளின் பதிவுகளும் அவர்களின் கடவுச்சொற்களும் ஏதோ ஒரு சேர்வரில், யாருடையதோ ஒரு மடிக்கணினியில் இன்னும் இருக்கலாம். அவற்றை யாரும் மேம்படுத்துவதில்லை, களவுபோனாலும் அறிவிக்க எவரும் இல்லை. அப்படி ஒரு திட்டத்தில் வேலை செய்தவர் நீங்கள் என்றால், அந்தத் தரவுத்தளம் இன்று எங்கே இருக்கிறது என்று பழைய பொறுப்பாளரிடம் ஒருமுறை கேளுங்கள். வரலாற்றுக்கும் நீதிக்கும் வேண்டியதைப் பொறுப்பானவரிடம் முறையாக ஒப்படைக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அவற்றை அழிக்கச் சொல்லுங்கள், காப்புப் பிரதிகளோடு சேர்த்து.